திருப்பிக் கொடுக்கக் கூடாத புத்தகம்

சென்ற செவ்வாய்க்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எண்பதை நெருங்கும் ஒருவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்றால் அவன் ஏதாவது சாதித்திருக்க வேண்டும். அல்லது விழா நடத்துகிறவர்கள் கையில் ஒரு பொன்னாடை மிஞ்சியிருக்க வேண்டும். என் விஷயத்தில் நடந்தது இரண்டாவது. புதுப்பித்த நூலகத்தைத் திறந்து வைப்பதாக இருந்த பெரிய மனிதர், வைகை அணைப் பக்கம் வேறொரு திறப்பு விழாவில் அகப்பட்டுக்கொண்டார். அவருக்கென்று வாங்கிய சரிகைத் துணியை என்ன செய்வது என்று விழிபிதுங்கி நின்றவர்களின் கண்ணில், முன்வரிசையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் பட்டேன். ‘மூத்த வாசகர்’ என்னும் பட்டம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. நான் போனது பட்டத்துக்காக அன்று. பையில் இருந்த புத்தகத்தை ஒப்படைக்கப் போனேன். பொன்னாடை இடையில் வந்த இடைஞ்சல்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் தங்கள் ஊராக்கும் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும். ஊருக்கு நன்மை செய்வதற்கு வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போல எளிய வழி வேறில்லை என்பது நான் அரசுப் பணியில் கற்ற பாடம்.

நூலகம் அழகாகத்தான் இருக்கிறது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மார்கழி மாதம். மேசைக்கு மேசை கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டத் துளைகள். கிழக்குச் சுவரில், ஆளுயரத்துக்கு, புத்தக அலமாரி ஒன்றின் வண்ணப்படம். தோல் அட்டையும் பொன் எழுத்துமாக, எந்தத் தேசத்துப் பிரபுவின் மாளிகையிலோ இருக்கும் புத்தகங்கள். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முன்னர் அந்தச் சுவரில் நிஜமான அலமாரி இருந்தது. அதன்முன் நின்று யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. தெய்வம் கண்ணுக்குத் தெரியாதபோதுதான் பக்தி பெருகும் என்று பெரியோர் சொல்வார்கள். புத்தகத்துக்கும் அதுவே விதி போலும்.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. வாசனை. புது வண்ணப்பூச்சும் ஒட்டுப்பலகைப் பசையும் கலந்த நெடி மூக்கில் ஏறியபோது, என் மூக்கு நன்றிகெட்டதனமாகப் பழையதைத் தேடியது. அந்தக் காலத்தில் படியேறும்போதே அந்துருண்டை எதிர்கொண்டு அழைக்கும். அடுத்து, ஆனி ஆடிச் சாரலில் நனைந்து மூலையில் சாய்ந்திருக்கும் குடைகளின் புழுங்கல் வாடை. பிறகு ஏலக்காய். எங்கள் நூலகத்தில் ஏலக்காய் மணத்தது என்று வெளியூரில் சொன்னால் நான் பக்தியில் உளறுவதாக நினைப்பார்கள். காரணம் மிகவும் லௌகிகமானது. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் எதிரில்தான் நிற்கும். மாலையில் இறங்கும் பெண்களும் ஓட்டுநர்களும் கையில் இருக்கும் கடிதத்தையோ மனுவையோ படித்துக் காட்டச் சொல்லி மேலே வருவார்கள். அவர்கள் உடுப்பிலிருந்து உதிர்ந்த மணம் நாளிதழ்களில் தங்கிவிடும். தலையங்கங்களில் ஏதேனும் மணம் இருந்ததென்றால் அது ஒன்றுதான்.

நாடு விடுதலை அடைவதற்கு முன்பே ஊர் வணிகர்கள் கட்டிக் கொடுத்த மாடி அது. நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து, மூங்கில் குச்சியில் இடுக்கித் தொங்கவிடுவார்கள். உலக நடப்புத் தாள் காற்றில் அனாதையாக ஆடும். ஏலக்காய் விலை வரும் தாளுக்கு மட்டும் திருவிழாக் கூட்டம். குமுளியில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் மலையாளப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும், சம்பந்தி வீட்டுச் செய்தி எதுவும் படமாக வந்திருக்கிறதா என்று. ஊரின் திருவோலக்கம் அங்கேதான் நடந்தது. எல்லாச் சாதியும் எல்லாச் சமயமும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் இருந்த இடம் ஊரில் வேறில்லை. சுவரில் ‘அமைதி காக்க’ என்று பலகை தொங்கியது அல்லவா?

அடியேன் அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த இரண்டு சொற்களால்தான். அறிவுத் தாகத்தால் அன்று. அப்போது நான் கால்வாய்ப் பாசன அலுவலகத்தில் எழுத்தர். ஆற்றில் தண்ணீர் திறப்பதற்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. திறந்ததைக் கோப்பில் எழுதுவது மட்டுமே என் பணி. விவசாயிகள் அதை நம்பவில்லை. தேநீர்க் கடையில், பேருந்து நிலையத்தில், கோயில் பிராகாரத்தில் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, “கடைமடைக்குத் தண்ணி எப்ப சார் வரும்?” என்று கேட்பார்கள். நூலகத்தில் மட்டும் கேட்க முடியாது. பலகையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கண்களால் வைவார்கள். கண்களால் வைதால் யாருக்கு வலிக்கிறது? இவ்வாறாக நான் தினந்தோறும் மாலை ஐந்தரைக்கு ஞானம் பெறச் செல்பவன் என்று பெயர் பெற்றேன்.

நூலகர் ரெங்கசாமி ஜெயமங்கலத்துக்காரர். நெல் வயலில் களை பறித்த கைகளால் புத்தகத்தைத் தொட்டவர். அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. புத்தகத்துக்கு விரோதிகள் மூவர்: கரையான், ஈரம், வாசகன். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. “தொட்டுத் தொட்டுத்தான் சார் புத்தகம் நைஞ்சு போகுது” என்பார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயின் முகத்தோடு. புத்தகம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். கை கழுவியிருக்கிறோமா என்று பார்ப்பார். பிறகு உள்தாளில் கெடு தேதியைக் குத்துவார். அந்தத் தேதி முத்திரை மேசையில் இறங்கும் ஓசை, நடை சாத்தும் மணி மாதிரி கடைசிப் பலகை வரை கேட்கும். அந்த ஓசைக்கு மட்டும் அமைதிப் பலகையில் விலக்கு இருந்தது.

கிழக்குச் சுவரோரம் இருந்த அலமாரியைச் சொன்னேன். அதில் முப்பத்தொரு புத்தகங்கள். அனைத்தும் பழம் பக்திப் பாடல்கள். சிவன் மேல் பாடிய பதிகங்கள், திருமால் மேல் பாடிய பாசுரங்கள், தேவமாதா மேல் பாடிய அந்தாதி, நபிகள் மேல் பாடிய பிள்ளைத்தமிழ் என்று எல்லாரும் ஒரே தட்டில், தோளோடு தோள் உரச நின்றார்கள். வெளியே அவர்களுடைய அடியார்கள் ஒலிபெருக்கியின் திசையை ஒட்டிக் காவல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அந்த அலமாரிக்கு வாடிக்கையாளர்கள் இருவர். ஒருவன் நான். மற்றவர் சவரிமுத்து, ராயப்பன்பட்டிக்காரர், எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார், என் வயதுக்காரர். அவருடைய முன்னோர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆனால் வெண்பாவைக் கண்டால் தளை தட்டுகிறதா என்று விரல்விட்டுப் பார்க்கும் பழக்கத்தை எந்தப் பாதிரியாராலும் மாற்ற முடியவில்லை. எனக்கு உயிர் பதிகங்களின் உரைப் பதிப்பு. தடித்தது, உரையாசிரியருக்கு உறக்கமே வராது போலும், ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பார். சவரிமுத்துவுக்கு உயிர் அந்தாதியும் கலம்பகமும் சேர்ந்த மாதா பாடல் தொகுதி. நாங்கள் நண்பர்களா என்று கேட்டால் தெரியாது. ஒருவர் தெய்வத்தை ஒருவர் இலக்கண சுத்தமாகக் கிண்டல் செய்துகொள்வோம். அவர் என்னைச் சாமி என்பார். நான் அவரை வாத்தியாரே என்பேன்.

ஒரு நாள் ரெங்கசாமி எங்கள் இருவரையும் மேசைக்கு அழைத்தார். அவரே வாசகனை அழைப்பது என்பது சுவாமி எழுந்து வாசலுக்கு வருவதற்குச் சமம். மேலிடத்து உத்தரவு ஒன்று வந்திருந்தது. மூன்றாண்டாக யாரும் எடுத்துச் செல்லாத புத்தகங்களைக் கழிவில் தள்ள வேண்டும். பரிசோதனைக்கு அதிகாரி வருவார். நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து படித்தவர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்றதே இல்லை. வீட்டில் ஏது அமைதிப் பலகை? ஆகையால் முப்பத்தொரு புத்தகங்களின் உள்தாள்களும் கைம்பெண் நெற்றியாக வெறிச்சென்று கிடந்தன. முத்திரை இல்லாத தாளுக்கு முக்தி இல்லை.

“பழைய பேப்பர்க்காரன் இதத் திராட்சப் பெட்டிக்கு அடியில விரிக்க வாங்கிட்டுப் போவான் சார்” என்றார் ரெங்கசாமி, மெதுவாக.

சவரிமுத்து கணக்கு வாத்தியார் அல்லவா, உடனே கணக்குப் போட்டார். ஓர் உறுப்பினர் அட்டைக்கு ஒரு புத்தகம். முப்பத்தொரு உறுப்பினர் இருந்தால் முப்பத்தொரு முத்திரை. அதன்பின் நாங்கள் செய்த ஊழியத்தை எந்த மடமும் செய்ததில்லை. நான் என் மனைவியை, மைத்துனர்களை, ஓதுவாரை, நாகசுரக்காரரைச் சேர்த்தேன். சவரிமுத்து தம் அக்காமாரை, மாதா கோயில் பாட்டுக் குழுவை, உபதேசியாரைச் சேர்த்தார். பெயர் எழுதவே அஞ்சும் சிலரும் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் நிலத்தை எழுதி வாங்கிவிடுவோம் என்று ஓதுவார் கடைசி வரை ஐயப்பட்டார். முப்பத்தொன்றாவது ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, எதிரே நின்ற ஜீப் ஓட்டுநர் பரமன் அகப்பட்டான். மலைமேலும் கீழுமாக ஓடி ஓடி அவன் தமிழ் பாதி வழியில் மலையாளமாகிவிட்டிருந்தது.

“எனக்கு வாயிக்கத் தெரியாதே, சாரே” என்றான்.

“படிக்க வேண்டாம்பா. வச்சிருந்தாப் போதும்” என்றார் சவரிமுத்து. தமிழ் இலக்கிய வரலாற்றில் வாசகனுக்கு அதைவிட நேர்மையான அறிவுரை வழங்கப்பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் ரெங்கசாமி குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் கீழே தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளைகள் நடுங்கியிருக்கும். முப்பத்தொரு அட்டை, முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு முத்திரை. அந்த அவசரத்தில் என் பெயரில் மாதா பாடலையும், சவரிமுத்து பெயரில் சிவன் பதிகத்தையும் எழுதிவிட்டார். மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு அவருக்குப் பரம்பரைச் சொத்து. “அட்டையில உள்ளதுதான் வீட்டுல இருக்கணும். பதினஞ்சு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றார். பதினைந்து நாள்தானே என்று நாங்களும் எண்ணினோம். ஒருவர் தெய்வத்தை ஒருவர் விருந்தாளியாக வைத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? பரமனின் ஜீப்பில் புத்தகங்கள் ஏறின. முப்பத்தொன்றும் வாசகர் கைகளில். அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலி. இதைவிட ஒரு நூலகத்துக்குப் பெருமை உண்டா என்று நானும் சவரிமுத்துவும் மார்தட்டிக்கொண்டோம்.

பெருமை திங்கட்கிழமை காலை பதினொரு மணி வரை நீடித்தது. அடுத்த மாதம் வர வேண்டிய அதிகாரி, குடும்பத்தோடு தேக்கடி போகிற வழியில், போகிற போக்கில் பரிசோதனையையும் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார். அரசாங்கம் தாமதமாகத்தான் வரும் என்னும் நம்பிக்கையில்தான் எங்கள் பள்ளத்தாக்கு வாழ்ந்து வந்தது. ஒரே ஒரு முறை அது முன்கூட்டி வந்து எங்களை ஏமாற்றியது.

காலியான அலமாரியைப் பார்த்து, இதில் என்ன இருந்தது என்று கேட்டாராம். பக்திப் பாடல்கள், எல்லாம் வாசகர்களிடம் இருக்கின்றன என்று ரெங்கசாமி சொன்னாராம். அது முழு உண்மை. அதனால்தான் அதிகாரி நம்பவில்லை. சிரித்தாராம். ஜீப்பில் காத்திருந்த குழந்தைகள் யானை பார்க்க வேண்டும் என்று அழுததால், நீண்ட விசாரணைக்கு நேரமில்லை. குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்: காலி அலமாரியைப் போட்டித் தேர்வு நூல்களுக்கு ஒதுக்குக, வெளியே உள்ள பழைய நூல்கள் திரும்பியதும் கழிவில் சேர்க்க. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுக் கட்டாக வினாவிடைப் புத்தகங்கள் வந்து சிவனுடைய இடத்திலும் மாதாவினுடைய இடத்திலும் உட்கார்ந்துகொண்டன. புத்தகங்களைக் காப்பாற்ற அவற்றை ஒரேயடியாக அப்புறப்படுத்திய அறிவாளிகள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தாம்.

பதினைந்தாம் நாள் நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புத்தகங்களோடு போனோம். மேசைமேல் வைத்தோம். ரெங்கசாமி அவற்றைத் தொடவில்லை. தீப்பட்ட பாத்திரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நீங்க திருப்பிக் கொடுக்காத வரைக்கும்தான் சார் இது நூலகத்துப் புத்தகம்” என்றார். “திருப்பிக் கொடுத்தீக, அன்னைக்கே இது பழைய பேப்பர்.”

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் விதியிலிருந்து ஒரு புள்ளி விலகாத ரெங்கசாமி, முத்திரையைத் தூக்கி மறுபடியும் குத்தினார். புதுப்பிப்பு. இன்னும் பதினைந்து நாள். இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். மாற்ற வேண்டுமானால் முதலில் திருப்பிக் கொடுத்ததாக எழுத வேண்டும். எழுதினால் கழிவு. ஆகவே மாதா என் வீட்டிலும் சிவன் ராயப்பன்பட்டியிலுமாக அந்தப் பதினைந்து நாள் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாங்கள் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போய், முத்திரை வாங்கி, சுமந்துகொண்டு திரும்பினோம். உற்சவ மூர்த்தி புறப்பாடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாகசுரம் மட்டும் இல்லை. நாகசுரக்காரரே தம் புத்தகத்தோடு பின்னால் வந்தார், சில காலம்.

என் மனைவி புத்தகத்தை முதல் நாளே பூசை அறையில் வைத்துவிட்டாள். உள்ளே யாரைப் பாடியிருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “ஆத்தா பாட்டுத்தானே? எந்த ஆத்தாவா இருந்தா என்ன?” என்று குங்குமத்தை வைத்தாள். முப்பது ஆண்டு உரைநூல்களில் நான் தேடிய சமரசம் அவளுக்கு அரை நிமிடத்தில் கிட்டியது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு புதுப்பிப்பு நாளிலும் முகப்பு மேசையருகில் சவரிமுத்து எனக்காகக் காத்திருப்பார். குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“எங்க மாதாவைப் பட்டினி போடாம வச்சிருக்கீகளா, சாமி?”

“இன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல். எங்காளுக்கு உங்க வீட்டுல என்ன கிடைக்குது?”

“ஞாயித்துக்கிழமை மட்டும் கறிக்குழம்பு வாசம் வரும். மத்த நாள்ல குறையில்ல.”

ரெங்கசாமி முத்திரையால் மேசையைத் தட்டுவார். அமைதி.

நகைப்புக்கு நடுவில் வேறொன்று நடந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நான் மாதா பாடலைப் படித்தேன். கெட்ட பழக்கம், தொற்றிக்கொண்டது. அந்தாதியின் நூறு பாட்டும் மனப்பாடம் ஆனது. அவர் என் பதிகங்களை உரையோடு கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு முறை ஓதுவார் பிழையாகப் பிரித்துப் பாடியதைக் கோயில் வாசலில் நின்று திருத்தினார். ஓதுவார் அன்று சாப்பிடவில்லை. எங்கள் ஊர்ச் சமய நல்லிணக்கத்தின் உச்சம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்ற புத்தகங்களின் கதி என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் படித்துப் பயன்பெற்றார்கள் என்று எழுதக் கைதான் துடிக்கிறது. இந்த வயதில் பொய் எழுதினால் திருத்திக்கொள்ள நாள் போதாது. ஒன்று அப்பளத்தின் மேல் பாரமாக இருந்து தொண்டு செய்தது. ஒன்று கல்யாணச் சீரோடு கட்டப்பனைக்குப் போனது. ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது. எதிர்நீச்சல் போட்டு வந்த ஏடுகளைப் பற்றிப் புராணத்தில் கேட்டிருக்கிறோம், இது வரவில்லை. பரமன் தன்னுடையதை ஜீப்பின் முன்கண்ணாடியோரம் சாமி படத்தருகில் வைத்திருந்தான். மலைப்பாதையில் ஒரு விபத்தும் இல்லை என்பான். ஜீப்பை விற்றபோது வாங்கியவன் புத்தகத்தையும் சேர்த்துத்தான் வேண்டும் என்றானாம். ரெங்கசாமி ஓய்வு பெறுகிற நாளில் புதுப்பிக்க வந்தவர்கள் நாங்கள் இருவர்தாம். இரண்டு தாளிலும் கடைசி முத்திரையைக் குத்தினார். மீதம் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. “இத வச்சுக்கங்க. பின்னாடி யாராச்சும் கேட்டா காட்டணும்ல” என்றார். பின்னாடி யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றவே பொழுது போதவில்லை. கையில் புத்தகம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். எங்கள் புத்தகங்களோ வெளியே இருந்தன. நாங்களும் காட்டவில்லை, காட்டினால் திருப்பிக் கேட்பார்கள் என்று பயம். ரெங்கசாமி ஜெயமங்கலத்தில் தம் வயலோரத்திலேயே ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தார்.

சவரிமுத்து போய் ஆறு ஆண்டு ஆகிறது. செய்தி கேட்டு ராயப்பன்பட்டிக்கு ஓடினேன். கோயிலுக்கு எடுத்துச் செல்லும் முன்பு பெட்டி திறந்திருந்தது. வெள்ளை வேட்டி, கையில் செபமாலை. செபமாலைக்கு அடியில், மார்பின் மேல், என் சிவன். நைந்த பழுப்பு அட்டை. தாள்களின் ஓரத்தில் நூலகத்தின் நீள்வட்ட ஊதா முத்திரை.

அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா தெனமும் இதத்தான் வாசிச்சுட்டுப் படுத்தாக, மாமா. அவுக செபப் புஸ்தகம். கூடவே அனுப்பிருவோம்னு வச்சோம்” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அது செபப் புத்தகம் அன்று, என் உயிர், பொதுச் சொத்து, கெடு தாண்டியது. எடுத்துக்கொடு என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுத்திருப்பாள். பாதிரியார் ஒரு முறை குனிந்து பார்த்தார். எழுத்து பொடியாக இருந்ததால் அப்படியே நிமிர்ந்துகொண்டார். நல்லதாப் போச்சும்மா என்று மட்டும் நான் சொன்னதாக நினைவு. சுடலையில் ஆடுகிறவனுக்குக் கல்லறைத் தோட்டம் ஒன்றும் அந்நிய இடம் இல்லை. அதுவும் போக, கழிவில் சேர்க்க முடியாத இடமாக அதைத் தவிர வேறு எதையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, முப்பத்தொன்றில் மிச்சம் ஒன்று. என் மஞ்சள் பையில் இருந்த மாதா பாடல். நானும் பாடையில் ஏறும் வயது. என் சமயத்தில் கூடவே அனுப்பும் வழக்கமில்லை, எரித்துவிடுவார்கள். மகன் நல்லவன், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்பவன். அந்த இரண்டாவது குணம்தான் பயம். புது நூலகம், புது அலமாரி, மாதாவுக்கு அவள் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

பொன்னாடைக் கூட்டம் கலைந்த பிறகு மேசைக்குப் போனேன். நூலகர் இளம் பெண். மரியாதை தெரிந்த பிள்ளை. எழுந்து நின்று புத்தகத்தை இரு கைகளாலும் வாங்கியது. எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தது. மறுபடியும் தட்டியது.

“ஐயா, இந்த நம்பர்ல எங்ககிட்ட புத்தகமே இல்லையே.”

நன்கொடையாக எடுத்துக்கொள்ளலாமே என்றேன். இத்தனை பழைய புத்தகத்தை நன்கொடையாக வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். திரையைத் திருப்பி எனக்குக் காட்டவும் செய்தது. நான் நம்பினேன். விதியோடு எனக்கு ஐம்பதாண்டுப் பழக்கம். என் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தது, கிழக்குச் சுவரைப் பார்த்தது.

“வேணும்னா ஐயா, அந்தப் படத்துக்கு முன்னால ஒரு ஸ்டூல் போட்டு இத அங்கன வச்சிரட்டா? போட்டோ எடுக்க வர்றவுக கையில பிடிச்சுக்கிட நல்லாருக்கும்.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. அந்தச் சுவர்தான், அந்த இடமேதான். கேட்டவுடன் சவரிமுத்து சிரிக்கும் ஓசை என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், குளிர் இயந்திரம்.

வேண்டாம்மா என்றேன். உள்தாளைப் பிரித்துக் காட்டி, இதில் ஒரு தேதி முத்திரை மட்டும் குத்திக் கொடு என்றேன். அப்படி ஒன்று இப்போது கிடையாதாம். இழுப்பறைகளை எல்லாம் திறந்து தேடியது, என்ன தேடுகிறோம் என்று சரியாகத் தெரியாமலே. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “நான் எழுதிக் குடுக்கட்டாங்கய்யா? என்ன தேதி?” என்று கேட்டது.

இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் என்றேன். வரிசை வரிசையாக மங்கிய ஊதாத் தேதிகளுக்கெல்லாம் கீழே, கடைசிக் கட்டத்தில், நீல மையால் எழுதிக் கொடுத்தது. கையெழுத்து நன்றாக இருந்தது. ஓசை வரவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை கெடு. போக வேண்டும். மூங்கில் குச்சியில் ஆடும் தாள் இருக்காது, ஈரக் குடை இருக்காது, கண்களால் வைகிற விவசாயிகளும் இருக்க மாட்டார்கள். அவர்கள் இப்போது தண்ணீர் திறப்பதைக் கைப்பேசியில் தெரிந்துகொண்டு அங்கேயே வைதுவிடுகிறார்கள். அமைதிப் பலகை போய்விட்டது. அமைதி மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. முகப்பு மேசையருகில் குரலைத் தாழ்த்தி, மாதாவைப் பட்டினி போடாமல் வைத்திருக்கிறாயா என்று கேட்கவும் ஆள் இல்லை. இருந்தாலும் புதன்கிழமை காலை சர்க்கரைப் பொங்கல் வைக்கும்படி வீட்டில் சொல்லியிருக்கிறேன்.